குடத்துப் பிள்ளைகளும் குருத்தணுவும்

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365. ஆண்டுக்கு நாள் எத்தனையோ, படியும் அத்தனை. டிசம்பர் 31ஆம் நாள் இரவு, படிதோறும் பூசையிட்டுப் பாடிக்கொண்டே ஏறிடும் கூட்டத்தை நாடறியும். ஏறுபவர் பக்தராயினும் சரி, வேடிக்கை பார்க்க வந்தவராயினும் சரி, படி எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. ஐம்பதாம் படியிலே அமர்ந்து மூச்சு வாங்குகிறவன், உச்சியை அடைந்துவிட்டேன் என்று கூவினால், பக்கத்திலே பூ விற்றிடும் மூதாட்டியும் நகைப்பார்.

விஞ்ஞானமும் படியேற்றந்தான். ஒருவர் நின்ற படியிலே மற்றொருவர் கால் வைத்து அடுத்த படிக்கு ஏறுகிறார். வழுக்கி விழுந்தோர் உண்டு. தவறான பாதையிலே சென்று திரும்பி வந்தோர் உண்டு. ஏறும்போதே உயிர் நீத்தோரும் உண்டு. ஆனால், ஒரு படியும் ஏறாமல், அடிவாரத்துக்கே வராமல், உச்சியிலே எமது மூதாதையர் என்றோ மாளிகை கட்டி வாழ்ந்துவிட்டனர் என்று அறிவித்தார் ஒருவர். அவர் வீதியோரத்துச் சோதிடர் அல்லர். ஒரு பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர்! கேட்டுக்கொண்டிருந்தவர்களோ பள்ளிப் பிள்ளைகள்!

2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள், பஞ்சாபிலே ஜலந்தர் நகரத்தை அடுத்து, 106ஆவது இந்திய விஞ்ஞான மாநாடு நடைபெற்றது. அங்கே மாணவர்க்கெனக் கூட்டப்பட்ட பகுதியில், ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் அந்நாள் துணைவேந்தர் ஜி. நாகேசுவர ராவ் பேசினார். காந்தாரிக்கு நூறு பிள்ளைகள் பிறந்தது ஸ்டெம் செல் ஆராய்ச்சியாலும் சோதனைக்குழாய் முறையாலும் என்றார். திருமாலின் சக்கரம் குறி தவறாமல் சென்று திரும்பும் ஏவுகணை என்றார். இராவணனிடம் 24 வகை விமானங்கள் இருந்தன, இலங்கையிலே விமான நிலையங்கள் இருந்தன என்றார். டார்வினுக்கு முன்னரே தசாவதாரம் பரிணாமத்தை உரைத்துவிட்டது என்றார். கேட்டோம், நகைத்தோம், நகைத்து முடித்தபின் கவலை கொண்டோம்.

இது அவர் ஒருவருடைய கண்டுபிடிப்புமன்று. 2002ஆம் ஆண்டிலேயே தில்லியின் அறுவை மருத்துவர் ஒருவர் காந்தாரியின் குடங்களிலே ஸ்டெம் செல்லைக் கண்டார். 2014 அக்டோபரில் மும்பையிலே ஒரு மருத்துவமனை விழாவில், நாட்டின் தலைமை அமைச்சரே கர்ணன் பிறப்பை மரபணு விஞ்ஞானத்துக்கும், யானைமுகக் கடவுளைப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்துக்கும் சான்றாக எடுத்துக் காட்டினார். மேலிடத்திலே ஊற்றெடுத்தது, பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்திருந்த இடம் வரை ஓடி வந்திருக்கிறது, அவ்வளவே.

தணிகையும் அந்த நாற்காலியும்

ஜலந்தர் எங்கே, திருத்தணி எங்கே? இதை ஏன் நாம் தணிகை அடிவாரத்திலே நின்று பேச வேண்டும்? இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் அந்த நாற்காலி. 1931 முதல் 1936 வரை அதிலே அமர்ந்திருந்தவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன். 1888இல் இந்தத் திருத்தணியிலே பிறந்து, இவ்வூர்ப் பள்ளியிலே எழுத்தறிந்து, குடியரசுத் தலைவராக உயர்ந்தவர். அவருடைய தத்துவத்துக்கும் நமக்கும் நெடுந்தொலைவு. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் சமயத் தத்துவத்தைச் சமயத் தத்துவம் என்ற பெயரிலேயே எழுதினார். உயிரியல் என்று முத்திரையிட்டு விற்றாரில்லை. பின்னாளில் அதே நாற்காலிக்கு வந்தவரோ வேதியியல் பேராசிரியர்! பொருளை நிறுத்தும் தராசும், அளக்கும் குழாயும் கையிலே பழகியவர். அந்தக் கையாலேயே எடை பார்க்காத சரக்கை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

இரண்டாவது, எல்லைப் போராட்டம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அப்பக்கம் சென்றது. கிளர்ச்சி எழுந்தது; சிறை நிறைந்தது. வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்பதற்கு இலக்கியச் சான்றுகளை அடுக்கினோம். நெஞ்சு விம்மிட அடுக்கினோம். ஆனால் படாஸ்கர் அவர்கள் தீர்ப்பு வகுத்தபோது எதைப் பார்த்தார்? சிற்றூரை அலகாகக் கொண்டார். அவ்வூரிலே எம்மொழி பேசுவோர் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்த்தார். ஊரோடு ஊர் தொடர்கிறதா என்று நோக்கினார். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம்மிடம் வந்தது. வேங்கடமோ வரவில்லை! இலக்கியத்திலே வேங்கடத்துக்கு உள்ள சான்று தணிகைக்கு உள்ளதைவிடக் குறைந்ததா? இல்லை. எனினும், பாட்டிலே இருப்பது வேறு, கணக்கெடுப்பிலே இருப்பது வேறு. கசப்பான பாடந்தான். ஆனால், உணர்ச்சியூட்டும் சான்று எது, உண்மையை நிறுவிடும் சான்று எது என்று பிரித்தறிய, இந்த எல்லைப்புறத்து மக்களுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

காந்தாரியைக் காணோம்!

அந்தக் கதையை இலக்கியமாகவே முதலில் ஆய்ந்து பார்ப்போம். இரண்டாண்டு கருவைச் சுமக்கிறாள் காந்தாரி. பேறு இல்லை. காட்டிலே குந்திக்கு மகன் பிறந்தான் என்ற செய்தி வருகிறது. முதற்பிள்ளைக்கே முடி! பொறாமையும் ஏக்கமும் பொங்கிட, வயிற்றில் அறைந்துகொள்கிறாள். இரும்புபோல் இறுகிய தசைப்பிண்டம் விழுகிறது. வியாசர் வருகிறார், குளிர்ந்த நீர் தெளிக்கிறார், பிண்டம் 101 கூறாகிறது, நெய்க்குடங்களிலே இடப்படுகிறது. இரண்டாண்டு சென்றபின் துரியோதனனும் தம்பியரும், துச்சளை என்னும் ஒரு தங்கையும் பிறக்கின்றனர்.

இந்தக் கதை எதைப் பற்றியது? குடத்தைப் பற்றியதா? அல்ல! அரசுரிமை எனும் நெருப்பு ஒரு பெண்ணின் கருப்பையையே சுட்டுவிட்டதைப் பற்றியது. தாயாக வேண்டியவள் தன் வயிற்றையே அடித்துக்கொள்ளுமாறு செய்திடும் அரண்மனை வாழ்வைப் பற்றியது. பின்னர் குருக்களத்திலே விழுந்த நூறு பிணங்களுக்கும் வித்து அந்த ஓர் அறையிலே இருக்கிறது. அதுதான் கவிஞன் கண்ட உண்மை. இதனை ஆராய்ச்சிக் கூடத்து அறிக்கையாக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? குடம் மிஞ்சும், நெய் மிஞ்சும், காந்தாரியைக் காணோம்! பழம்பெருமை பேசுவோர் விஞ்ஞானத்தை மட்டும் கெடுக்கவில்லை. தாம் போற்றுவதாகச் சொல்லும் காவியத்தையும் சேர்த்தே கொல்கின்றனர்.

விஞ்ஞானமாகக் கொண்டாலோ, எளிய கேள்விகளுக்கே விடையில்லை. குடத்திலே இட்ட பிண்டத்துக்கு மூச்சுக்காற்று எவ்வழி வந்தது? தாயின் குருதியிலிருந்து வரவேண்டிய உணவுக்கு நெய்க்குடம் என்ன செய்தது? ஒரே பிண்டத்தின் கூறுகள் நூறு ஆணாகவும் ஒரு பெண்ணாகவும் பிரிந்தது எங்ஙனம்? அம்முறையை மீண்டும் ஒருவர் செய்து பார்த்திட ஒரு வரியேனும் குறிப்பு உண்டா? கவிஞனிடம் இவற்றைக் கேட்பது பேதைமை. கேட்டிடும் நிலையை உண்டாக்கியவர் துணைவேந்தர்.

தணிகைக்குரிய கதையையே எடுத்துக்கொள்வோம். நாளை எவரேனும் இதற்கும் மேடையேறுவர். ஆகவே முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. காஞ்சியிலே கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில், ஆறு தீப்பொறிகள் சரவணப் பொய்கையிலே ஆறு குழந்தைகளாகின்றன. கார்த்திகைப் பெண்டிர் பாலூட்டுகின்றனர். உமை வாரி அணைத்திட, அறுவரும் ஒருவராகி ஆறுமுகம் தோன்றுகிறது. தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் வேறொருவர். இரு கச்சியப்பரும் புலமைக் கடல்கள் என்பதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் கருக்கள் ஒன்றாக இணைந்தால் என்ன ஆகும் என்பதை இன்று நாம் அறிவோம். 1961இல் போலந்து நாட்டு விஞ்ஞானி டார்கோவ்ஸ்கி, இரண்டு சுண்டெலிக் கருக்களை, எட்டு அணுக்கள் மட்டுமே கொண்ட இளம் பருவத்திலே ஒட்ட வைத்தார். பிறந்தது என்ன? இரு தலைச் சுண்டெலியா? இல்லை, ஒரே உடல், ஒரே தலை, வழக்கமான அளவு! இரண்டு கருவின் அணுக்களும் ஒன்றோடொன்று பேசி இசைந்து, தமக்குள் பணியைப் பங்கிட்டு, ஓர் உயிரை ஆக்கின. ஆறுமுகம் என்பது புராணத்தின் தேவை. ஒரு தலை என்பது கருவின் விதி. இரண்டும் இரு வேறு உலகம்.

படிகள் இவை!

கருவின் விதி என்றோம். அதனை அறிந்திட மாந்தர் ஏறிய படிகளைச் சிறிது காண்போம்.

கிரேக்கத்திலே அரிஸ்டாட்டில், அடைகாத்த கோழி முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்தார். முழுக்குஞ்சு முதலிலேயே உள்ளே இல்லை. சிறிது சிறிதாக உருவாகிறது என்றார். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அது நிலைபெறவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் நுண்நோக்கி வந்தது. 1677இல் லேவன்ஹூக் விந்தணுவைக் கண்டார். 1694இல் ஹார்ட்சோக்கர், விந்தணுவின் தலைக்குள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி மனிதன் இருக்கக்கூடும் என்று படமே வரைந்துவிட்டார்! முட்டைக்குள்ளே முழு உரு, அதன் முட்டைக்குள்ளே மற்றொரு முழு உரு, இவ்வாறே ஏவாளின் வயிற்றிலேயே மனித குலம் அத்தனையும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்று நம்பினோர் ஐரோப்பாவிலே நூறாண்டு கோலோச்சினர். பொய் மேற்கிலும் உண்டு. அதற்கு மேற்கு, கிழக்கு என்னும் பேதமில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தனர்? முட்டையை உடைத்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1759இல் வோல்ஃப், குஞ்சின் குருதிக்குழாயும் குடலும் முதலில் இல்லாதிருந்து பின்னரே உருவாவதைக் காட்டினார். 1827இல் வான் பேயர், ஒரு பெண் நாயின் உடலிலே பாலூட்டிகளின் கருமுட்டையை முதன்முதலாகக் கண்டார். அதற்கு முன் எந்த நாட்டாரும், எந்த முனிவரும் அதைக் கண்ணால் கண்டதாகக் குறிப்பில்லை.

‘ஸ்டெம் செல்’ என்னும் சொல்லே 1868இல் ஜெர்மனியிலே எர்ன்ஸ்ட் ஹெக்கெல் ஆக்கியது. குருத்தணு என்போம் நாம். வாழையின் நடுவே சுருண்டிருக்கும் குருத்தைக் கண்டோர்க்கு விளக்கம் தேவையில்லை. குருத்தணு தன்னைப் போன்ற குருத்தணுவையும் ஆக்கும். தோலாகவும் குருதியாகவும் நரம்பாகவும் மாறக்கூடிய அணுவையும் ஈனும்.

அடுத்த படி 1888. ஜெர்மானியர் வில்ஹெல்ம் ரூ, இரண்டு அணுக்களாகப் பிரிந்திருந்த தவளைக் கருவிலே ஒன்றைச் சூடேற்றிய ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சியது அரைத் தவளைக் கருவாக வளர்ந்தது. ஒவ்வோர் அணுவுக்கும் பங்கு முன்னரே பிரிக்கப்பட்டது என்று முடிவு கட்டினார். மூன்றாண்டு சென்றது. டிரீஷ், கடலிலே வாழ்ந்திடும் முள்ளுருண்டை போன்ற கடல் முள்ளெலியின் கருவை எடுத்து, இரண்டு அணுக்களையும் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றும் அளவிலே சிறிய, ஆனால் முழுமையான உயிராக வளர்ந்தது! குத்திக் கொன்ற அணுவின் உடல் பக்கத்திலேயே ஒட்டியிருந்ததுதான் ரூவின் முடிவைத் திசை திருப்பியது என்பது பின்னர் விளங்கிற்று.

இங்கே ஒரு விந்தை. தம் கையாலேயே கண்ட உண்மை டிரீஷை மலைக்க வைத்தது. எந்த எந்திரத்தை இரண்டாகப் பிளந்தால் இரண்டு முழு எந்திரம் கிடைக்கும் என்று எண்ணினார். விடை காணாமல், உயிரணுவுக்குள்ளே அளக்க இயலாத ஓர் உயிர்ச்சக்தி இருக்கிறது என்றார். ஆராய்ச்சியை விட்டுத் தத்துவத்துக்குப் போய்விட்டார். வியப்பு வரும்போது அறிவைக் கீழே வைத்துவிடும் பழக்கம் காவியுடைக்கு மட்டும் உரியதன்று. வெள்ளை மேலங்கிக்கும் உண்டு.

டிரீஷ் விட்ட இடத்திலே படி நின்றுவிட்டதா? 1924இல் ஸ்பெமான் என்ற ஆசிரியரும், ஹில்டா மாங்கோல்டு என்ற இளம்பெண்ணும், பல்லி போன்ற நியூட் என்னும் நீர்வாழ் உயிரின் கருவிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டி, வேறு நிறமுடைய மற்றொரு நியூட்டின் கருவிலே ஒட்டினர். ஒட்டிய இடத்திலே இரண்டாம் உடல் எழுந்தது! அதன் பெரும்பகுதி ஒட்டிய துணுக்கினால் ஆனதன்று. ஏற்றுக்கொண்ட கருவின் அணுக்களே அதன் ஏவலுக்கிணங்கி உடலாயின என்பதை நிறவேறுபாடு காட்டிக்கொடுத்தது. மந்திரமில்லை, உயிர்ச்சக்தியில்லை. அணு அணுவுக்கு இடும் ஏவலே கருவின் இரகசியம். மாங்கோல்டு அவ்வாண்டே தீ விபத்திலே இருபத்தைந்து வயதில் மாண்டார். 1935இல் நோபல் பரிசு ஸ்பெமானுக்கு வந்தது. பெண்ணின் பெயர் நெடுநாள் அடிக்குறிப்பிலே கிடந்தது.

பின்னர் படிகள் விரைந்தன. 1961இல் கனடாவின் டில், மெக்கல்லாக் இருவரும், எலும்பு மச்சையிலே குருதியை ஈனும் குருத்தணு உண்டென்று எண்ணிக் காட்டினர். 1962இல் கர்டன், வளர்ந்த தவளைக் குஞ்சின் குடலணுவிலிருந்து எடுத்த உட்கருவைக் கொண்டு புதுத் தவளையை உண்டாக்கினார். 2006இல் ஜப்பானின் யமனாக்கா, வளர்ந்து முதிர்ந்த சுண்டெலி அணுவை நான்கே மரபணுக்களால் மீண்டும் குருத்தாக்கினார். மறு ஆண்டு மனித அணுவிலும் அதைச் செய்தார். 2012இல் கர்டனும் யமனாக்காவும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

அவர்கள் பூசலும் நம் பூசலும்

மேலைநாட்டிலே பூசலே இல்லையா? உண்டு. 1998இல் அமெரிக்காவின் தாம்சன் மனிதக் கருவிலிருந்து குருத்தணுவைப் பிரித்து வளர்த்தார். சில நாட்களே ஆன கரு ஒரு மனித உயிரா, அதைச் சிதைப்பது அறமா என்று சமயத்தாரும் மருத்துவரும் மோதினர். 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ் அரசுப் பணத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்; 2009 மார்ச்சில் ஒபாமா அதைத் தளர்த்தினார். நாம் அங்கே நோயாளியின் பக்கம் நிற்போம். எனினும், அந்தப் பூசல் இனி என்ன செய்யலாம் என்பது பற்றியது. நம் நாட்டுப் பூசலோ, முன்னர் யார் செய்தார் என்பது பற்றியது! அவர்கள் வருங்காலத்துக்கு வழக்காடுகின்றனர். நாம் இறந்தகாலத்துக்குப் பட்டா கேட்கிறோம்.

நாட்டுப் பெருமையும் ஆராய்ச்சியும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்குத் தென்கொரியா சான்று. 2004, 2005ஆம் ஆண்டுகளில் ஹுவாங் வூசுக் என்பவர், படியாக்கம் செய்த மனிதக் கருவிலிருந்து குருத்தணு எடுத்ததாக எழுதினார். நாடே கொண்டாடியது, அஞ்சல் தலை வெளியிட்டது. அந்நாட்டு இளம் ஆராய்ச்சியாளரும் செய்தியாளரும் படங்களையும் புள்ளிகளையும் துருவினர். பொய் என்று கண்டனர். தேசத் துரோகி என்ற ஏச்சையும் தாங்கினர். 2006இல் அக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தம் நாட்டின் பொய்யைத் தாமே உடைத்த அவ்விளைஞரே அந்நாட்டுக்கு மானம் தேடித் தந்தவர்கள்.

நம் நாட்டிலும் மானம் முற்றும் மாளவில்லை. ஜலந்தர் உரைக்குப் பின் பல நகரங்களில் விஞ்ஞானிகளும் மாணவரும் கண்டனக் குரல் எழுப்பினர். மாநாட்டை நடத்திய சங்கமே வருத்தம் தெரிவித்து, இனிப் பேச்சாளரின் உரையை முன்கூட்டியே பார்ப்பதாகச் சொன்னது. அரசின் முதன்மை விஞ்ஞான ஆலோசகராக அப்போதிருந்த விஜயராகவன், அக்கூற்றுகள் ஏற்கத்தக்கன அல்ல என்று எழுத்திலேயே மறுத்தார். பழ ஈயின் கருவிலே தசை உருவாகும் வகையை ஆய்ந்து பெயர் பெற்றவர் அவர். கருவை உண்மையிலேயே அறிந்தவருக்குக் குடத்துக் கதை உறுத்தாமலிருக்குமா?

உண்மையில் செய்தவருக்கு என்ன செய்தோம்?

இனிமேல்தான் நமது குற்றச்சாட்டின் உயிர்நிலை இருக்கிறது.

சோதனைக்குழாய்க் குழந்தை எமது பண்டைச் சொத்து என்று முழங்குகின்றனர் அல்லவா? 1978 ஜூலை 25இல் இங்கிலாந்திலே உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. 70 நாளே கழித்து, அக்டோபர் 3இல் கல்கத்தாவிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. செய்து காட்டியவர் சுபாஷ் முகோபாத்யாய் என்னும் மருத்துவர். கருவை உறைய வைத்துக் காத்து, பின்னர் தாயின் வயிற்றிலே சேர்த்தார். வெளிநாட்டார் அம்முறையில் வென்றது 1980களில்தான். அந்த மேதையை நாடு தோளிலே தூக்கியதா? மேற்கு வங்க அரசு ஒரு குழு அமைத்தது, குழு நம்ப மறுத்தது, ஏளனம் செய்தது. வெளிநாடு சென்று பேசிட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கருவியல் கற்றவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினர்! 1981 ஜூன் 19இல் அவர் தூக்கிலே தொங்கினார்.

குடத்திலே நூறு பிறந்தது என்றால் ஐயமின்றி நம்புகிறோம். குழாயிலே கரு ஒன்று உருவாயிற்று, இதோ குழந்தை, தொட்டுப் பார் என்றால் நம்ப மறுக்கிறோம்! இறந்த காலத்துக்கு மாலை, எதிரே நிற்பவனுக்குத் தூக்குக் கயிறு. இதுதான் பழம்பெருமை பேசுவோர் நாட்டுக்கு ஆக்கித் தந்த மனநிலை.

அவர் பெயரை மீட்டது எது? புராணமா, பெருமிதமா? அவர் எழுதி வைத்த குறிப்புகள்! 1986இல் மும்பையிலே பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்ற புகழுக்கு உரியவராயிருந்த விஞ்ஞானி ஆனந்தகுமார், அக்குறிப்புகளைப் படித்தார். முதலிடம் தமக்கன்று, மாண்ட அந்த மருத்துவருக்கே என்று 1997இல் கட்டுரை எழுதினார். தம் மகுடத்தைத் தாமே கழற்றி, உரியவர் தலையிலே வைத்தார். விஞ்ஞானப் பண்பு என்பது இது!

மற்றொன்று. நம் ஊர்ப் பாதையோரத்திலே முளைத்துக் கிடக்கும் ஊமத்தையை அறிவோம். சிவனுக்குச் சூட்டும் பூ என்று வணங்குவோரும் உண்டு. நஞ்சென்று ஒதுக்குவோரும் உண்டு. 1964இல் தில்லிப் பல்கலைக் கழகத்திலே சிப்ரா குஹா என்னும் பெண்ணும் மகேஸ்வரி என்பவரும் அவ்வினத்துச் செடியொன்றின் மகரந்தப் பையைக் கண்ணாடிக் குழாயிலே வளர்த்தனர். மகரந்தத் தூளிலிருந்தே கரு முளைத்தது! தாயணு கலவாத கரு! பயிர் வளர்ப்புத் துறை உலகெங்கும் அதனைப் பயன்படுத்திக்கொண்டது. மெய்யான குழாய்க் கரு, மெய்யான இந்தியச் சாதனை, மெய்யான பெண் மேதை! ஜலந்தரிலே கூடியிருந்த பிள்ளைகளுக்கு இந்த ஊமத்தைக் கதையை எவரேனும் சொல்லியிருந்தால், எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பும் வழியிலே செடியருகே குனிந்து பார்த்திருப்பர்!

கதை கேடும் செய்யும்

வெறும் பேச்சுத்தானே, யாருக்கு என்ன நட்டம் என்பர் சிலர். நட்டம் ஏழைக்கு! குருத்தணு என்னும் சொல்லுக்கு மாயமந்திரப் பளபளப்பு ஏறிவிட்டது. அப்பளபளப்பை விளம்பரமாக்கி, நரம்புத் தளர்ச்சி, மூளை வளர்ச்சிக் குறை, முடக்குவாதம் எதற்கும் குருத்தணு ஊசி என்று இலட்சக்கணக்கில் பணம் பறித்திடும் கடைகள் நாட்டிலே முளைத்தன. நிலத்தை விற்றும் நகையை விற்றும் பெற்றோர் ஓடுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: குருதி நோய்கள் முதலான சிலவற்றுக்குச் செய்திடும் குருதிக் குருத்தணு மாற்றம் ஒன்றே ஏற்கப்பட்ட மருத்துவம், ஏனையவை ஆராய்ச்சி, ஆராய்ச்சிக்கு உட்படுபவரிடம் காசு வாங்கலாகாது. தொப்புள்கொடிக் குருதியைத் தம் பிள்ளைக்கென்றே தனியாரிடம் பணம் கட்டிச் சேமிப்பதையும் அக்கழகம் பரிந்துரைக்கவில்லை. இதை எத்தனை தாய்மார் அறிவர்? காந்தாரிக்கே பலித்தது என்று துணைவேந்தர் சொன்னால், கடைக்காரனுக்கு வேறு விளம்பரம் எதற்கு?

அதே குருத்தணுவின் மெய்யான பயனைக் காண நெடுந்தொலைவு போக வேண்டாம். திருத்தணியிலே இரயிலேறி, அரக்கோணம் வழியே காட்பாடி சென்று இறங்கினால் வேலூர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே எலும்பு மச்சை மாற்றம் நடக்கிறது. குருதி உறையாமல் ஒழுகிடும் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவரின் குருத்தணுக்களை எடுத்து, குறைபட்ட மரபணுவுக்கு ஈடானதைச் சேர்த்து, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தினர். 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. கண்காணித்த காலத்திலே ஐவருக்கும் குருதிக் கசிவு நேரவில்லை. ஐவர் என்கிறது கட்டுரை. நூற்றுவர் என்று பெருக்கிச் சொல்லவில்லை. எத்தனை திங்கள் கண்காணித்தோம் என்கிறது. என்றென்றும் என்று அளக்கவில்லை. அடக்கமாகச் சொன்ன அந்த ஐந்து என்னும் எண், குடத்திலே பிறந்த நூற்றைவிடப் பெரிது.

தோழர்களே! மலைக்கு ஏறுவோரை வழிமறிப்பது நம் வேலையன்று. பிள்ளை வரம் வேண்டி முடி காணிக்கை தருவோரிடம் சண்டைக்கு நிற்பதாலும் பயனில்லை. அவர் நெஞ்சிலே இருப்பது ஏக்கம், ஏமாற்றன்று. நம் வேலை வகுப்பறையிலே இருக்கிறது. பிள்ளைகளிடம் குடத்துக் கதை வந்தால், கதையைக் கதையாகச் சுவைத்திடக் கற்றுக் கொடுங்கள். விஞ்ஞானம் என்று வந்தால், எவர் செய்தார், எப்போது செய்தார், மற்றவர் செய்து பார்த்தனரா, குறிப்பு எங்கே என்று நான்கு கேள்வி கேட்டிடப் பழக்குங்கள். கேட்பது துணைவேந்தரையாயினும் தலைமை அமைச்சரையாயினும் குரல் தாழ வேண்டாம். நாம் எழுதும் ஏட்டையும், நாம் போற்றும் தலைவரையும் அதே நான்கு கேள்வி கேட்கட்டும். அப்போதுதான் அது பகுத்தறிவு.

காந்தாரி, கணவனுக்குக் கண்ணில்லை என்று தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டாள். அது அவள் துயரம், அவள் விருப்பம். அந்தத் துணியை அவிழ்த்தெடுத்து, நாட்டுப் பிள்ளைகளின் கண்ணிலே கட்டிட எந்தத் துணைவேந்தருக்கும் உரிமை இல்லை!